கிளிநொச்சி முற்றத்தில் பைப் நட்டு பூமியை அளப்பது எப்படி?

சித்திரைப் புத்தாண்டு அன்று, ஏப்ரல் 14 மத்தியானம், கிளிநொச்சியில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழல் இருக்காது. சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். முல்லைத்தீவுக்கும் அதே நாள்தான். மன்னாருக்கு 13, வவுனியாவுக்கு 12. ஆண்டைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

வருஷம் பிறப்பது சூரியன் மேட ராசிக்குள் நுழைவதை வைத்து. அதே நாளில் சூரியன் எங்கள் ஊருக்கு மேலேயும் வந்து நிற்பது வெறும் தற்செயல். பூமியின் அச்சு மெல்ல மெல்லத் திசை மாறுவதால், 70 சொச்சம் வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இந்தப் பொருத்தம் விலகிப் போகும். விலக முதல் அதை வைத்து ஒரு வேலை பார்ப்போம்: பூமியின் நடுப்புள்ளி எங்கள் காலுக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்போம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரத்தோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்த வேலைதான் இது. அவர் சையீன், அலெக்சாந்திரியா என்ற இரண்டு ஊர்களை எடுத்தார். நாங்கள் கிளிநொச்சியையும் இலங்கையின் தென்கரையில் உள்ள மாத்தறையையும் எடுப்போம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் உச்சிப்பொழுது இரண்டு ஊருக்கும் ஒன்றாகவே வரும்.

முதலில் ஆள் பிடியுங்கள். மாத்தறையில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அங்கேயும் அன்று புத்தாண்டு என்பதால் வீட்டில் இருப்பார். ஆனால் பாற்சோற்றை விட்டுவிட்டு வெயிலுக்குள் வர மனம் வேண்டும், அதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பைப் நடுதல். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பைப் துண்டை வெட்டி, வாளி மணலில் குத்தி நிறுத்துங்கள். பைப்பின் உயரம் மணல் மட்டத்திலிருந்து சரியாக 1 மீற்றர் இருக்க வேண்டும், ஆகவே புதைக்கிற அளவைச் சேர்த்து வெட்டுங்கள். நிழல் சில சென்ரிமீற்றர்தான் வரும் என்பதால் அது வாளிக்குள்ளேயே விழும். மணலைத் தட்டி மட்டமாக்கி மேலே ஒரு வெள்ளைக் கடதாசி விரித்தால் போதும்.

இனி வருவதுதான் முக்கியம்: பைப் செங்குத்தாக நிற்க வேண்டும். 1 பாகை சரிந்தாலே நிழலில் 17 மில்லிமீற்றர் பிழை வந்துவிடும். முதல் வருஷம் நான் கண் மட்டத்தில் பார்த்து "சரி, நேர்தான்" என்று விட்டேன். நிழல் இல்லாத நாளில் 2 சென்ரிமீற்றர் நிழல் விழுந்தது! மேசன்மாரின் தூக்குக்குண்டு இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, வடக்கிலிருந்து ஒருமுறை, கிழக்கிலிருந்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரம். 12 மணிக்கு அளக்காதீர்கள். எங்கள் மணிக்கூடு ஓடுவது 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு. அந்தக் கோடு இலங்கையைத் தொடுவதே இல்லை, கிழக்கே கடலோடு போகிறது. கிளிநொச்சி இருப்பது 80.4 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பார்த்தால் இங்கே உச்சிப்பொழுது 12.08க்கும் 12.09க்கும் இடையில். 12.05க்கே போனில் இரண்டு பேரும் தயாராக இருங்கள்.

"மருத்துநீர் வைச்சுத் தோஞ்ச தலையோட உச்சி வெயிலுக்கை நிண்டு பைப்புக்குக் காவல் இருக்கிறாய், என்ன பிள்ளை இது?" என்றார் அம்மம்மா. கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். சுவரில் ஒரு பக்கமும் நிழல் இல்லாமல், அடித் தண்ணீர் வரை வெளிச்சம். (தண்ணீரில் தெரியும் சூரியனையும் உற்றுப் பார்க்கக் கூடாது.) சையீனைப் பற்றிச் சொல்லப்படும் கதையிலும் இப்படித்தான் ஒரு கிணறு வரும்.

அளத்தல். பைப்பின் வெளி விளிம்பிலிருந்து நிழலின் நுனி வரை மில்லிமீற்றரில் அளவுங்கள். நுனி கூராக இருக்காது. சூரியன் அரைப் பாகை அகலமுள்ள தட்டு என்பதால் 9 மில்லிமீற்றர் அளவுக்கு மங்கலாகத் தெரியும். அந்த மங்கலின் நடுவை எடுங்கள். இரண்டு ஊர் நிழலும் ஒரே திசையில் விழுந்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். எதிர்த் திசைகளில் விழுந்தால் கூட்டுங்கள். எனக்கு இங்கே தெற்கே 2, நண்பருக்கு அங்கே தெற்கே 63. ஆக 61 மில்லிமீற்றர்.

கணக்கு. கூகுள் மப்பில் இரண்டு ஊருக்கும் இடையே நேர்கோட்டுத் தூரத்தை எடுங்கள், வீதித் தூரத்தை அல்ல. சுமார் 380 கிலோமீற்றர் வரும். இரண்டு பைப்பையும் மண்ணுக்குள் நீட்டிக்கொண்டே போனால் இரண்டும் பூமியின் நடுவில் சந்திக்கும். பைப்பும் அதன் நிழலும் சேர்ந்த சின்ன முக்கோணமும், பூமியின் ஆரையும் 380 கிலோமீற்றரும் சேர்ந்த பெரிய முக்கோணமும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். ஆகவே கல்குலேற்றரில் சைன், கொஸ் எதுவும் தேடத் தேவையில்லை:

380 × 1000 ÷ 61 = 6230 கிலோமீற்றர்.

பூமியின் சராசரி ஆரை 6371. வாளியும் மணலும் வைத்து நூற்றுக்கு இரண்டு சொச்சம் பிழை. எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை. நண்பர் மட்டும் "ஒரு மில்லிமீற்றர் கூட அளந்துட்டன் போல" என்று இப்போதும் கவலைப்படுகிறார். கவலை நியாயமானதுதான்: 61க்குப் பதில் 60 என்றால் விடை 6333.

ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு ஓகஸ்ட் 28 அல்லது 29இல் இன்னொரு வாய்ப்பு உண்டு, சூரியன் தெற்கே திரும்பிப் போகும்போது. இடைப்பட்ட நான்கரை மாதமும் கிளிநொச்சியில் மத்தியான நிழல் தெற்கே விழும், வீட்டின் வடக்குச் சுவர்தான் வெயில் காயும். நெல் காயப்போடுகிறவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.