ஃபிரெஞ்சுல "முடிச்சிருப்பேன்" சொல்லும்போது நாம வழுக்கி விழுற இடங்கள்

நாகர்கோவில்ல வீட்டு மாடில வச்சு சாயங்காலம் ஃபிரெஞ்சு சொல்லிக் குடுக்கேன். வாறதுல பாதி ஸ்கூல் பிள்ளைங்க, மீதி கனடாவுக்கு பேப்பர் போடணும்னு டெஃப்ங்கிற ஃபிரெஞ்சு பரீட்சைக்கு படிக்கிற நர்சுங்க, ஐடி பசங்க. பாஸே காம்போஸே ("முடிச்சேன்"னு நடந்து முடிஞ்சத சொல்ற டென்ஸ்) வரைக்கும் வண்டி நல்லா ஓடும், ஃப்யூத்யூர் ஆன்தேரியர்னு போர்டுல எழுதினதும் எல்லார் மூஞ்சியும் வாடிரும். அதாவது ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட், இனிமே ஒரு நேரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்னு சொல்ற டென்ஸ். நான் சொல்றது என்னன்னா இது தமிழ் பேசுறவனுக்கு கஷ்டமான டென்ஸே இல்ல, நம்மகிட்ட "இருப்பேன்"னு ஒண்ணு ரெடியா கெடக்கு, அதைத்தான் அவங்களும் சொல்றாங்க. ஆனா அதே "இருப்பேன்" ஒரு எடத்துல நம்மள நல்லா கவுத்தும் விட்ரும்.

ஃபிரெஞ்சு வார்த்தைய நம்ம எழுத்துல சத்தத்துக்கு எழுதுறேன், மூக்கால வர்ற சத்தமெல்லாம் கிட்டத்தட்டதான், ஸ்பெல்லிங் முக்கியமான எடத்துல தனியா சொல்லிருவேன்.

அமைப்பு சின்னது. அவ்வார் ("வச்சிரு"ங்கிற வெர்ப்) இல்லாட்டி எத்ர் ("இரு"ங்கிற வெர்ப்), இந்த துணை வினை ரெண்டுல ஒண்ண ஃப்யூச்சர்ல போட்டு பக்கத்துல பாஸ்ட் பார்ட்டிசிபிள (நம்ம "முடிச்சி", "போயி" மாதிரி வர்ற வடிவம்) வச்சா முடிஞ்சுது. அவ்வார்னா ஜோரே, த்யூ ஓரா, இல் ஓரா, நூஸோரோன், வூஸோரே, இல்ஸோரோன். எத்ர்னா ஜ ஸரே, த்யூ ஸரா, இல் ஸரா, நூ ஸரோன், வூ ஸரே, இல் ஸரோன். "ஜோரே ஃபினி" முடிச்சிருப்பேன், "ஜ ஸரே பார்தி" போயிருப்பேன்.

இப்ப அந்த "இருப்பேன்" விஷயத்துக்கு வருவோம், இதுலதான் நூத்துக்கு தொண்ணூறு தப்பும் கெடக்கு. தமிழ்ல ஒரே வடிவத்த மூணு வேலைக்கு வச்சிருக்கோம். வடசேரில ஆட்டோ கிடைக்காம நிக்கோம், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ பிடிக்கணும், பக்கத்துல நிக்கிறவன் "லேய் நாம ஜங்ஷன் போய் சேரும்போ வண்டி பெய்ருக்கும்"ங்கான். இது எதிர்காலம், ஃபிரெஞ்சுலயும் அச்சு அசலா "ல த்ரேன் ஸரா தேஜா பார்தி". ரெண்டாவது, ஃபிரெண்டு இன்னும் வரல, "மறந்திருப்பான்"ங்கோம். நடந்து முடிஞ்ச விஷயத்த ஊகிக்கோம், ஆனா வடிவம் அதேதான். இங்கிலீஷ் வழியா ஃபிரெஞ்சு படிக்கிறவன் இந்த எடத்துல முழிப்பான், நமக்கு தானா வந்துரும்: "இல் ஓரா ஊப்ளியே". நேத்து நடந்ததா இருந்தாக்கூட சொல்லலாம், "இல் ஸரா வன்யூ இயேர்", நேத்து வந்திருப்பான். களியக்காவிளை தாண்டி மலையாளத்துல "வந்நிரிக்கும்"னாலும் இதே ரெட்டை அர்த்தம்தான், மார்த்தாண்டம் பக்கத்து பிள்ளைங்க இத டக்குனு பிடிச்சுக்கிடுவாங்க. (பேச்சுல ஃபிரெஞ்சுக்காரங்க இதுக்கு "இல் ஆ த்யூ ஊப்ளியே"தான் ஜாஸ்தி சொல்லுவாங்க, அதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க.)

மூணாவதுதான் குழி. "நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்". இதுவும் "இருப்பேன்"தான், ஆனா இது ஃப்யூத்யூர் ஆன்தேரியர் இல்ல மக்கா, நடக்கவே இல்லாத விஷயம், அதுக்கு கோந்திஸியோனெல் பாஸே, அதாவது கண்டிஷனல் வடிவத்தோட இறந்தகாலம் போடணும். "ஸி த்யூ மாவே ப்ரேவன்யூ, ஜ ஸரே வன்யூ". பாத்தியளா, "ஜ ஸரே"ன்னு ரெண்டுக்கும் ஒரே மாதிரி எழுதி வச்சிருக்கேன், ஏன்னா காதுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான், கண்டிஷனல்ல வாய் கொஞ்சம் கூட திறக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கும், ஆனா ஃபிரெஞ்சுக்காரங்கள்லயே நிறைய பேர் அந்த வித்தியாசம் காட்டுறதில்ல. எழுத்துலதான் தெரியும். ஃப்யூச்சர்னா கடைசில ஏ, ஐ ரெண்டு எழுத்து, கண்டிஷனல்னா கூட ஒரு எஸ். இந்த ஒரு எஸ்ஸுக்கு போற மார்க்க கணக்கு போட்டா மனசு கேக்காது. நான் பிள்ளைங்ககிட்ட சொல்றது ரெண்டே ரெண்டு. தமிழ் வாக்கியத்துல முன்னாடி "யிருந்தா" வருதா, அப்ப எஸ் போடு. இல்ல சந்தேகம் தீரலன்னா "நான"த் தூக்கிட்டு "அவன்" போட்டு சொல்லிப் பாரு, "இல் ஸரா"ன்னு வந்தா ஃப்யூச்சர், "இல் ஸரெ"ன்னு வந்தா கண்டிஷனல், அங்க சத்தமே காட்டிக் குடுத்துரும்.

அடுத்தது "முடிச்சதும் கூப்பிடுறேன்". இதுல "முடிச்சதும்" பாக்க இறந்தகாலம் மாதிரி இருக்கா, உடனே "கான் ஜே ஃபினி, ஜ தாபெல்ரே"ன்னு பாஸே காம்போஸே போட்ருவாங்க. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்கன்னா இன்னொரு தினுசு, அங்க பிரசென்ட் வருதுல்லா, அதனால "கான் ஜ ஃபினி"ன்னு ஆரம்பிப்பாங்க. ரெண்டும் தப்பு. ரெண்டு வேலையுமே இனிமேதான் நடக்கப் போகுது, அதுல ஒண்ணு முந்தி முடியுது, அப்ப முந்தி முடியிறதுக்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர், பிந்தி வர்றதுக்கு சாதா ஃப்யூச்சர்: "கான் ஜோரே ஃபினி, ஜ தாபெல்ரே". "கான்" (எப்போ) மட்டுமில்ல, லோர்ஸ்க (போது), தே க, ஓஸிதோ க (ரெண்டும் "உடனே"), யூன் ஃப்வா க (ஒரு தடவ முடிஞ்சதும்), அப்ரே க (அப்புறம்) எல்லாத்துக்கும் இதே சட்டம். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குதுன்னா ரெண்டு பக்கமும் சாதா ஃப்யூச்சர் போதும், "நீ வரும்போ நான் வீட்ல இருப்பேன்", அங்க போய் பெர்ஃபெக்ட் போட்டு சிக்கலாக்க வேண்டாம்.

"ஸி" (நம்ம "னா") வந்தா கதையே வேற. "ஆறு மணிக்குள்ள முடிச்சிட்டன்னா சொத்தவிளை பீச்சுக்கு போலாம்"னு சொல்லணும், கொஞ்சம் முன்னாடிதானே "கான்" கூட ஜோரே, ஓரா எல்லாம் படிச்சான், அந்த சூட்டுல "ஸி த்யூ ஓரா ஃபினி"ன்னு அடிச்சு விடுவான். கண்டிப்பா கூடாது. கண்டிஷன் சொல்ற "ஸி" பின்னால ஃப்யூச்சரே வராது, இங்க பாஸே காம்போஸேதான், "ஸி த்யூ ஆ ஃபினி". அதுக்காக "ஸி"யக் கண்டாலே பயப்படவும் வேண்டாம், "முடிச்சிருப்பேனான்னு தெரியல"ங்கிற அர்த்தத்துல வர்ற "ஸி" இருக்குல்லா, அங்க "ஜ ந ஸே பா ஸி ஜோரே ஃபினி" சரியான வாக்கியம்.

அவ்வாரா எத்ரான்னு கேட்டா, போறது வாறது ஏறுறது இறங்குறது பொறக்குறது சாகுறதுன்னு அந்த எத்ர் லிஸ்ட் எல்லாருக்கும் மனப்பாடம், "ஸ" (தன்னையே) சேர்ந்து வர்ற வெர்ப் எல்லாம் எத்ர்னும் தெரியும். ஆனா அந்த லிஸ்ட்லயே சிலது ரெண்டு பக்கமும் சாயும்ங்கிறத யாரும் சொல்லிக் குடுக்கிறதில்ல. ட்ரெயின்ல இருந்து நான் இறங்கியிருப்பேன்னா "ஜ ஸரே தெஸாந்த்யூ", அதே ட்ரெயின்ல இருந்து பெட்டிய இறக்கியிருப்பேன்னா "ஜோரே தெஸாந்த்யூ லே வலீஸ்". தமிழ்ல இறங்கு, இறக்குன்னு ஒரு மெய்யெழுத்துல பிரிக்கோம், ஏறு ஏத்து மாதிரி, அவங்க துணை வினைய மாத்தி பிரிக்காங்க, அவ்வளவுதான். "இறக்கு" வந்தா அவ்வார்னு ஞாபகம் வச்சா போதும். மோன்தே (ஏறு), ஸோர்த்தீர் (வெளிய போ), ராந்த்ரே (திரும்ப உள்ள வா), பாஸே (கடந்து போ), ரதூர்னே (திரும்பிப் போ) எல்லாம் இந்த ஜாதிதான். இன்னொண்ணு, எத்ர் வெர்பே தனக்கு அவ்வாரத்தான் எடுத்துக்கும், "ஜோரே எத்தே", இருந்திருப்பேன். "ஜ ஸரே எத்தே"ன்னு எழுதின பேப்பர் என்கிட்ட ஒரு கட்டே இருக்கு.

எத்ர் போட்டா பார்ட்டிசிபிள் ஆளுக்கு ஏத்த மாதிரி மாறணும். கொளச்சல்ல விடியக்காலம் போனா, நாம போய் சேரும்போ போட்டெல்லாம் கரைக்கு வந்திருக்கும், "லே பாதோ ஸரோன் ராந்த்ரே", கடைசில ஒரு எஸ். மீன் வாங்க வந்த அக்காமாரு எல்லாரும் கிளம்பியிருப்பாங்கன்னா "எல் ஸரோன் பார்தி", அதுல ஈ, எஸ் ரெண்டும் வேணும். சத்தத்துல ஒரு மாத்தமும் இல்ல, அதனாலதான் டிக்டேஷன்ல போகும். அவ்வார் கூட பொதுவா மாறாது, ஆனா செயப்படுபொருள் முன்னாடியே வந்துட்டா மாறும், "நான் எழுதியிருக்கப் போற லெட்டருங்க", "லே லெத்ர் க ஜோரே எக்ரீத்". நல்லவேளை இங்க கடைசி "த்" காதுலயும் விழும். "அவ கை கழுவியிருப்பா" மட்டும் கொஞ்சம் கோணல், எத்ர் இருந்தும் "லாவே"ல ஈ சேராது, ஏன்னா கழுவினது கைய, கை பின்னாடி வருது: "எல் ஸ ஸரா லாவே லே மேன்".

"இல்ல", "ஏற்கனவே" எல்லாம் துணை வினைக்கும் பார்ட்டிசிபிளுக்கும் நடுவுல உக்காரும், "ஜ நோரே பா ஃபினி", "ஜோரே தேஜா மான்ஜே". "பா"வ கடைசில கொண்டு தள்ளுறது நம்ம பழக்கம், தமிழ்ல "இல்ல" கடைசிலதானே வரும்.

இதெல்லாம் படிச்சு முடிச்சவங்க பண்ற தப்பு ஒண்ணு பாக்கி. "வண்டி போறதுக்கு முன்னாடி வந்துருவேன்". அப்ரே க கூட இந்த டென்ஸ் வந்துச்சே, அவான் க கூடவும் வரும்னு நெனச்சு "அவான் க ல த்ரேன் ஸரா பார்தி"ன்னு எழுதுவாங்க. அவான் க சப்ஜங்டிவ் (இன்னும் நடக்காதத சொல்ற தனி வினை வடிவம்) கேக்கும், "அவான் க ல த்ரேன் பார்த்", அப்ரே க சாதா இண்டிகேட்டிவ் (உள்ளத உள்ளபடி சொல்ற வடிவம்). வண்டி போனப்புறம்னா அது போயிருக்கும்ங்கிறது நிச்சயம், போறதுக்கு முன்னாடின்னா இன்னும் பிளாட்பாரத்துலதான நிக்குது.