வேலூர் வெயிலில் செடி வளர்க்க ஆரம்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேலூர்ப் பக்கம் புதிதாகச் செடி வைக்கிறவர்களில் நிறையப் பேர் ஏப்ரல், மே மாதத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, வீட்டில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, தெருவில் தள்ளுவண்டியில் ரோஜாவும் செம்பருத்தியும் பூவோடு வருகின்றன, நாலு தொட்டி வாங்கி மொட்டை மாடியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரமே கத்திரி. மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை போகிற அந்த நாட்களில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றி நிற்கிற பாறை மலைகள் பகலெல்லாம் சூடேறி ராத்திரியிலும் அந்தச் சூட்டை வெளியே விடுவதால் செடிக்கு இளைப்பாற நேரமே கிடைப்பதில்லை. புது மண்ணில் வேர் இன்னும் பிடிக்காத செடி இதைத் தாங்காது. செடி போனதும் ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று சொல்லி மொத்தமாக விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊர் வெயிலும் தண்ணீரும் வேறு மாதிரி. அதைக் கணக்கில் எடுக்காமல், கேரளாவிலோ பெங்களூரிலோ எடுத்த வீடியோவைப் பார்த்து அப்படியே செய்வதால்தான் பெரும்பாலான செடிகள் போகின்றன.

ஆகவே ஆரம்பிக்கிற மாதம் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னது வயலுக்கு மட்டுமில்லை, மாடித் தொட்டிக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது தென்மேற்குப் பருவமழை நமக்கும் சாயந்திர மழையாகக் கிடைக்க ஆரம்பித்திருக்கும், அப்புறம் அக்டோபரில் வடகிழக்கு மழை, டிசம்பர் ஜனவரியில் பனி. இத்தனை மாதத்தில் செடி வேர் பிடித்து, கிளை விட்டு, அடுத்த கோடைக்குள் தெம்பாகிவிடும். மே மாதத்தில் ஆசை வந்தால் தொட்டி வாங்குங்கள், மண் கலந்து வையுங்கள், காய்ந்த இலைகளை ஒரு பக்கம் மக்கப் போடுங்கள், செடியை மட்டும் ஆடியில் வாங்குங்கள். தக்காளிக்கு இது இன்னும் முக்கியம். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய் ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் பூ பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். அதற்கு என்ன உரம் போட்டும் பயனில்லை, வெயில் இறங்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் ஊற்றாமல் செத்த செடியைவிட ஊற்றி ஊற்றிச் செத்த செடிதான் அதிகம் என்று செடி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கே அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போகிறீர்கள், கத்தரிச் செடி இலை தொங்கிக் கிடக்கிறது. பாவம், தாகம் என்று ஒரு மக்கு ஊற்றுகிறீர்கள். உண்மையில் மண்ணில் ஈரம் இருக்கிறது. அந்த வெயிலில் இலை வழியாகப் போகிற நீரை ஈடுகட்டுகிற வேகத்துக்கு வேரால் உறிஞ்ச முடியவில்லை, அதனால் தொங்குகிறது, அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். ஆனால் நாம் தினமும் மத்தியானம் ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகும், அழுகின வேரால் நீர் எடுக்க முடியாது, இலை மறுபடியும் தொங்கும், அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். போதாததற்கு, மாடியில் இருக்கிற பிளாஸ்டிக் டேங்கில் அந்த நேரத்துக் குழாய்த் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். காலையில் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதும் இலை தொங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடியில் வழிகிற வரை நன்றாக ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கோடையில் காலை, சாயந்திரம் இரண்டு வேளையும் தேவைப்படலாம், ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம். ‘தினம் ஒரு வேளை’ என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் தவறு.

எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதோடு எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதும் இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாலாற்றங்கரை ஊர்களில் நிறைய போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைப்பதில்லை, இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புக் கழிவு, அதாவது தோல் பதனிடுகிற ஆலைக் கழிவு, நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தனி. இந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற ஊற்ற நீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால், இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால், காரணம் அநேகமாக உப்புதான். இலை கருகுவதைப் பார்த்து உரம் போடுவார்கள், உரமும் ஒரு உப்பு, இன்னும் கெடும்.

இதற்கு என்ன செய்வது? மழை பெய்யும்போது டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், தொட்டிகளை மழையில் நன்றாக நனைய விடுங்கள், அது மண்ணைக் கழுவிவிடும். மழையில்லாத மாதங்களில் எப்போதாவது ஒரு தடவை, கார்ப்பரேஷன் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் அந்தத் தண்ணீரையே தொட்டி நிறைய மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டால் சேர்ந்த உப்பு இறங்கும். இன்னொரு தவறு, நல்ல எண்ணத்தில் செய்வது: ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது. குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவுங்கள், பாத்ரூமுக்கு வையுங்கள், செடிக்கு வேண்டாம்.

உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் மல்லிகை, கறிவேப்பிலை, ரோஜா இவற்றின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள், உரக்கடையில் பெரஸ் சல்பேட். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, பச்சை திரும்புகிற வரைக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மஞ்சள் இலை என்றாலே யூரியா போடுகிறார்கள்.

தொட்டி, மண் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை மேற்கு வெயில் படுகிற சுவர் ஓரம் வைத்தால் வேர் வெந்துவிடும். காட்பாடி பக்கத்துக் கரிகிரி ஜாடிகள் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் மெருகு பூசினதில் சாதாரண மண்தொட்டி மாதிரி பக்கவாட்டில் நீர் கசிந்து ஆவியாகாது, அதனால் தண்ணீரைக் குறைத்து ஊற்ற வேண்டும். வெறும் செம்மண்ணை நிரப்பினால் இரண்டே மாதத்தில் இறுகிவிடும். செம்மண், மக்கின எரு அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கலப்பது ஆரம்பத்துக்குப் போதும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிவிட்டுத்தான் கலக்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு. அப்புறம் மேல்மண்ணை மூடுவது. நம் பக்கத்தில் மல்லாட்டைத் (நிலக்கடலை) தோலுக்குப் பஞ்சமா என்ன? இரண்டு அங்குலக் கனத்துக்குத் தொட்டியில் பரப்பிவிட்டால் கோடையில் ஈரம் சீக்கிரம் போகாது, தண்டை ஒட்டிக் குவிக்காமல் இருந்தால் போதும். மார்ச் முதல் ஜூன் வரை, பாதி வெயிலைத் தடுக்கிற 50 சதவீதப் பச்சை நிழல் வலையை மேலே கட்டிவிடுங்கள். வலை கட்டாத மொட்டை மாடியில் மே மாதத்தில் காய்கறி எடுப்பது சிரமம்.

நர்சரியில் பூ நிறைய இருக்கிற செடியைத் தூக்கி வருவது எல்லோரும் செய்வது. பூ இல்லாவிட்டாலும் புதுத் தளிர் விடுகிற, தண்டு தடித்த செடியைப் பாருங்கள், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிற ஒட்டு ரோஜா குளுமையில் வளர்ந்தது, வந்த அன்றே மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள். ஒரு வாரமாவது நிழலில், அப்புறம் காலை வெயில், அப்புறம்தான் முழு வெயில். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்புகிற துளிரை உடனே கிள்ளிவிடுங்கள், விட்டால் அதுவே வளர்ந்து மேலே இருக்கிற நல்ல ரோஜாவை அமுக்கிவிடும். முதல் ரோஜா என்றால் நான் நாட்டுப் பன்னீர் ரோஜாவைத்தான் சொல்வேன், கிளையை வெட்டி வைத்தாலே வரும், நம் வெயிலுக்குப் பழகினது. காய்கறியில் ஆரம்பிக்கிறவர்கள் குடைமிளகாய், முட்டைக்கோஸ் என்று போகாமல் சிறுகீரை, வெண்டை, புதினா என்று போங்கள். கீரை 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும், அந்தச் சந்தோஷம் அடுத்த செடிக்கு ஆளைத் தயார் செய்யும்.

மல்லிகை வைத்தவர்கள் கவாத்து செய்யப் பயப்படுகிறார்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுத் தைரியமாக வெட்டுங்கள், பங்குனி வாக்கில் புதுக் கிளையில்தான் மொட்டு வரும். வெட்டாத மல்லி கொடியாக ஓடுமே தவிரப் பூக்காது.

உரத்தில் அவசரம் கூடாது. பச்சைச் சாணியையும், டீத்தூளைச் சர்க்கரையோடும், சமையலறைக் கழிவை அப்படியேயும் தொட்டியில் கொட்டினால் எறும்பும் புழுவும் வரும், மக்கும்போது கிளம்புகிற சூடு வேரைச் சுடும். எல்லாவற்றையும் தனியாக மக்கவைத்துப் போடுங்கள். ஒரு கைப்பிடி மல்லாட்டைப் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அதில் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊற்றினால் வீட்டுச் செடிகளுக்கு அதுவே விருந்து. வாடிக் கிடக்கிற செடிக்கும், நேற்று நட்ட செடிக்கும் எந்த உரமும் வேண்டாம்.

வீட்டுக்குள் வைக்கிற செடிக்கு வருவோம். இண்டோர் பிளாண்ட் என்று விற்பதால் இருட்டு ஹாலில் டிவி பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். மணி பிளாண்ட் ஆகட்டும் ஸ்நேக் பிளாண்ட் ஆகட்டும், வெளிச்சம் வேண்டும், நேர் வெயில்தான் வேண்டாம். ஜன்னல் ஓரம் சரியான இடம். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு கொசு தெளிந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும், ஆகவே வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் டிஃபன்பேக்கியா வேண்டாம், அந்த இலையைக் கடித்தால் நாக்கும் வாயும் வீங்கிவிடும். அரளி அதைவிட மோசம், முழுச் செடியும் விஷம்.

பூச்சியைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவது கடைசித் தவறு. செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தால் முதலில் வேகமான தண்ணீரில் பீய்ச்சி அடியுங்கள், ரொம்பப் பிடித்த கிளையை வெட்டி எறியுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, சாயந்திரத்தில் இலையின் அடிப்பக்கமும் படுகிற மாதிரி தெளியுங்கள். மத்தியான வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். ஒருநாள் தெளித்துவிட்டுப் போகவில்லையே என்று விடாமல் வாரம் ஒருமுறை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும்.

2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த இலவம்பாடி முள்ளு கத்தரியை நம் ஊர்க்காரர்கள் ஒரு தொட்டியிலாவது வைக்க வேண்டும் என்பது என் ஆசை, அதில் இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். குருத்து நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, வாடின இடத்துக்குக் கீழே சேர்த்துக் கிள்ளி நசுக்குங்கள். இலையெல்லாம் பொடிப்பொடியாகச் சிறுத்து, பூக்காமல் புதர் மாதிரி நின்றால் அது சிற்றிலை நோய், தத்துப்பூச்சி பரப்புவது, அதற்கு மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கிப் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்துத் தொட்டிக்கும் போகும். என்ன நோய் என்றே பிடிபடவில்லை என்றால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பாதிக்கப்பட்ட கிளையை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். வாடிக் காய்ந்துபோன இலையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, அன்று காலையில் வெட்டினதாக இருக்கட்டும், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.