ஆர்பி ட்ரீல இருந்து நோடை எடுக்குற கோடை சுருக்கப் போறீங்களா? இந்த தப்புங்களை பண்ணாதீங்க

லினக்ஸ்ல பைல் சிஸ்டம் கோடை திறந்தா ரெட் பிளாக் ட்ரீ (சுருக்கமா ஆர்பி ட்ரீ, தகவலை வரிசையா வெச்சு தானே பேலன்ஸ் பண்ணிக்கிற மர அமைப்பு, அதுல ஒவ்வொரு கணுவும் ஒரு நோடு) கண்ணுல படாம இருக்காது, பிடிஆர்எஃப்எஸ்ங்குற பைல் சிஸ்டத்துல எக்ஸ்டென்ட் ஸ்டேட், ஆர்டர்டு எக்ஸ்டென்ட், டிலேய்டு ரெஃப்னு பல இடத்துல இருக்கு, எக்ஸ்ட்4ங்குற இன்னொரு பைல் சிஸ்டத்துல எக்ஸ்டென்ட் ஸ்டேட்டஸ் ட்ரீயே அதுதான். இதுல நோடை எடுக்குற கோடு நீளமா இருக்கேன்னு நாலு வரியை வெட்டுறவங்க அடிக்கடி மாட்டிக்கிற இடங்களைத்தான் சொல்றேன். வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் பாத்துக்கோங்க: எடுத்ததுக்கு அப்புறம் அந்த நோடை யாராவது தொடுவாங்களா?

நான் முதல்ல பண்ணின தப்பு இது. லூப்புக்குள்ள ஆர்பி_எரேஸ் (நோடை ட்ரீல இருந்து எடுக்கும்), அடுத்து கேஃப்ரீ (அதோட மெமரியை விட்டுடும்), கடைசியில ஆர்பி_நெக்ஸ்ட் (அடுத்த நோடைக் குடுக்கும்). ஃப்ரீ பண்ணின நோடுக்குள்ள போயி அடுத்தது எதுன்னு கேக்குறேன்! சாதாரண கெர்னல்ல ரொம்ப நாள் ஒண்ணுமே ஆகல, ஏன்னா அந்த மெமரியை வேற யாரும் உடனே எடுத்துக்கல. மெமரி தப்புங்களைப் பிடிக்கிற ஸ்லப் டீபக் வசதியை ஆன் பண்ணினப்புறம்தான் கிராஷ் ஆச்சு, ரெஜிஸ்டர் முழுக்க 6பி 6பி 6பின்னு வரிசையா நிக்குது, ஃப்ரீ ஆன மெமரில நிரப்புற பைட் அது. அடுத்த நோடை எரேஸுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கணும், அவ்ளோதான்.

முழு ட்ரீயையும் காலி பண்றப்போ ஆர்பி_ஃபர்ஸ்ட் (முதல் நோடைக் குடுக்கும்), ஆர்பி_எரேஸ்னு ஒவ்வொண்ணா எடுக்குறது தப்பில்ல, ஆனா வீண் வேலை. ஒவ்வொரு தடவையும் இடது பக்கமா அடி வரைக்கும் இறங்கணும், அழிக்கப் போற மரத்தையே திரும்பத் திரும்ப பேலன்ஸ் வேற பண்ணிட்டு இருப்போம். போஸ்ட்ஆர்டர் சேஃப் மேக்ரோ இதுக்குத்தான் இருக்கு, பிள்ளைங்களை முடிச்சிட்டுத்தான் அப்பா நோடுக்கு வரும், அதனால அங்கயே ஃப்ரீ பண்ணலாம். ஆனா அதுக்குள்ள ஆர்பி_எரேஸ் போட்டுடாதீங்க, அது பேலன்ஸ் பண்றதுக்காக மரத்தை சுத்தி விட்டா சில நோடுங்க விட்டுப்போயிடும், மெமரி லீக். லூப் முடிஞ்சதும் ரூட்டை (மரத்தோட தொடக்கம்) ஆர்பி_ரூட்னு, அதாவது காலி மரம்னு, ரீசெட் பண்ணவும் மறக்கக்கூடாது.

அடுத்த நோடை முன்னாடியே எடுத்து வெச்சுக்குற இந்த வழியையே, லாக்கை (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் ட்ரீயைத் தொட விடுற பூட்டு) நடுவுல விட்டு விட்டு பிடிக்கிற லூப்புல கொண்டு போயி வெச்சா பெரிய ஆபத்து. லாக் விட்ட நேரத்துல இன்னொரு த்ரெட் உள்ள வந்து ஒரு நோடை சொருகும் இல்ல எடுக்கும், நீங்க கையில வெச்சிருக்குற அடுத்த நோடு செத்துப்போயிருக்கும். அங்க பழைய மாதிரி ஒவ்வொரு தடவையும் ஆர்பி_ஃபர்ஸ்ட்ல இருந்து ஆரம்பிக்கிறதுதான் சரி, பாக்க அசிங்கமா இருந்தாலும் விட்டுடுங்க.

நோடு எந்த ட்ரீலயும் இல்லன்னு குறிச்சு வைக்கிற ஆர்பி_கிளியர்_நோட் விஷயத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஆர்பி_எரேஸ் நோடோட பழைய பாயிண்டர்களை துடைக்காது, அப்படியே விட்டுடும். அந்த நோடு வெளிய உயிரோட இருந்து, ட்ரீல இருக்கான்னு பின்னாடி யாராவது ஆர்பி_எம்ப்டி_நோட் வெச்சு பாத்தா இருக்குன்னுதான் தெரியும், ரெண்டாவது தடவை எரேஸ் ஆகி மரமே உடையும், ஆனா வெடிக்கிறது சம்பந்தமே இல்லாத வேற எங்கயோ. அடுத்த வரியிலேயே ஃப்ரீ பண்றீங்கன்னா கிளியர் தேவையே இல்ல, தாராளமா எடுத்துடலாம். இன்னொண்ணு, மெமரியை பூஜ்யமாக்கிக் குடுக்குற கேஇசட்அல்லாக்ல வாங்கின நோடு முழுக்க பூஜ்யம்தானே, எம்ப்டின்னுதான் காட்டும்னு நம்பாதீங்க. பேரன்ட் இடத்துல தன்னோட அட்ரஸே இருந்தாத்தான் எம்ப்டி, அதனால ஆரம்பத்துலயே ஒருதடவை கிளியர் பண்ணி வைக்கணும்.

2017ல கெர்னல் 4.14ல வந்த கேஷ்டு ரூட்டுக்கு (இடது ஓர நோடோட பாயிண்டரையும் சேர்த்து வெச்சிருக்குற ரூட்) மாறியிருந்தா எரேஸும் கேஷ்டு வகைதான் போடணும். சாதா எரேஸ் போட்டா இடது ஓர பாயிண்டர் பழைய நோடையே காட்டிட்டு நிக்கும்.

ரெஃப்கவுண்ட் (நோடை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கங்குற எண்ணிக்கை, பூஜ்யம் ஆனா ஃப்ரீ ஆயிடும்) இருந்தா முதல்ல ட்ரீல இருந்து எடுங்க, அப்புறம் ட்ரீ வெச்சிருந்த ரெஃபரன்ஸை விடுங்க. பாக்க ரெண்டு வரி இடம் மாறுறதுதான், ஆனா மாத்திப் போட்டா மரத்துல தொங்கிட்டு இருக்கும்போதே நோடு ஃப்ரீ ஆயிடும், ரிவ்யூல இந்த ரெண்டு வரியை நான் எப்பவும் நின்னு படிப்பேன்.