பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பல்கலைக்கழகம் என்றதும் பேராசிரியர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் கருவிகளைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் ஆய்வக டெக்னீஷியன், ஆய்வு நிதிக்குக் கணக்கு எழுதுபவர், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் கோப்பு தயாரிப்பவர், நூலகர் என்று பலர் இல்லாமல் ஓர் ஆய்வும் நகராது. இந்த வேலைகளுக்கும் சரி, ஆய்வு உதவியாளர் வேலைக்கும் சரி, நல்ல தகுதி உள்ளவர்கள்கூட விண்ணப்பத்திலேயே கோட்டை விடுகிறார்கள்.

பெரிய தவறு, எல்லா இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புவது. அறிவிப்பில் அவசியத் தகுதி, விரும்பத்தக்க தகுதி என்று இரண்டு பட்டியல் இருக்கும். பல இடங்களில் தேர்வுக் குழு அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே வரிக்கு வரி மதிப்பெண் போடுகிறது. நீங்கள் எழுதாமல் விட்டதை அவர்களாக ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். தெரிந்த வேலையை எழுதாமல் விட்டு வாய்ப்பை இழப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

“ஒழுங்காகத் திட்டமிடும் திறன் உண்டு” என்று எழுதினால் அதற்கு என்ன மதிப்பெண் போட முடியும்? “மூன்று ஆய்வகங்களின் ரசாயன இருப்பைப் பதிவேட்டில் ஏற்றினேன், காலாவதி நெருங்கும் புட்டிகளைத் தனியாகப் பிரித்து, மாதந்தோறும் பொறுப்பாளரிடம் பட்டியல் கொடுத்தேன்” என்று எழுதிப் பாருங்கள். திறன் என்ற சொல்லே அதில் இல்லை, ஆனால் திறன் தெரிகிறது.

ஆய்விலிருந்து நிர்வாகப் பக்கம் வருபவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். ஆய்வு நிதி அலுவலக வேலைக்கு இரண்டு பக்கத்துக்குக் கட்டுரைப் பட்டியல் வைப்பார்கள். அங்கே தேவைப்படுவது வேறு: நிதி விண்ணப்பத்துக்கு பட்ஜெட் போட்டீர்களா, கெடு தேதிக்குள் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கினீர்களா? “ஆய்வு வேலை கிடைக்கவில்லை, அதனால் இதற்கு வருகிறேன்” என்ற தொனியும் வேண்டாம். இது தனித் தொழில். அப்படி மதித்து வருபவரைத்தான் குழுவும் விரும்பும்.

ஆய்வுப் பணிக்குப் போகிறவர்கள் ஆய்விதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அந்த எண்ணை வைத்து ஆள் எடுக்காதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடும் முறை பற்றி 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்கிறது. நிறைய பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. கட்டுரையில் உங்கள் கை எங்கே பட்டது என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்: தரவு சேகரித்தீர்களா, நிரல் எழுதினீர்களா?

பரிந்துரை தருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வேலை அறிவிப்பையும் அவருக்கு அனுப்புங்கள். கடைசி மணி நேரம் வரை காத்திருக்காதீர்கள். நேரம் முடிந்ததும் பல இணையப் படிவங்கள் தானாகவே மூடிக்கொள்ளும்.

அப்புறம், ஒப்பந்தக் காலம். ஆய்வுப் பணிகள் பலவும் ஒரு திட்டத்தின் நிதியை நம்பி நடப்பவை. நிதி முடிந்தால் வேலையும் முடியலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, சேர்ந்த பிறகு தவிப்பவர்கள் உண்டு. நேர்காணலின் முடிவில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். நிதி எந்த மாதம் வரை இருக்கிறது, நீட்டிக்க வாய்ப்பு உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.