பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் சேர்ந்ததா? நீங்களே சரிபார்க்கும் வழி

வருங்கால வைப்பு நிதி எனப்படும் பி.எஃப். கணக்குக்காகச் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் 1,680 ரூபாய் பிடித்திருந்தார்கள். ஏழு மாதம் அந்தப் பிடித்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம் என்று பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்த அன்றுதான் தெரிந்தது, அந்த ஏழு மாதங்களில் ஒரு ரூபாய்கூட என் கணக்குக்குப் போகவில்லை. கோயம்புத்தூரில் நாற்பது பேர் வேலை செய்த ஒரு சிறு நிறுவனம் அது. என் பங்கு 11,760 ரூபாய், நிறுவனம் போட வேண்டிய பங்கும் அதே அளவு. மொத்தம் 23,520 ரூபாய்.

கணக்குப் பிரிவில் இருந்த அண்ணனிடம் போய்க் கேட்டேன். "தணிக்கை நடக்கிறது தம்பி, அடுத்த மாதம் சேர்ந்துவிடும்" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை, அவருக்கும் அதே மாதங்களில் பணம் சேரவில்லை. ஆனால் அன்று இரவு தூங்க முடியவில்லை. என் உழைப்பில் பிடித்த பணத்தை எனக்குச் சொல்லாமலே வேறு செலவுக்குத் திருப்பியிருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதன்முதலாக வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பத்து நிமிட வேலைதான். கையில் மூன்று பொருட்கள் வேண்டும்: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண், ஆதாரில் பதிவு செய்த எண் உள்ள கைப்பேசி.

முதல் படி: எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்கிடுங்கள்

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி, அதில் 12 சதவீதத்தை உங்களிடம் பிடிப்பார்கள். நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். ஆனால் நிறுவனத்தின் பங்கு முழுவதும் உங்கள் பி.எஃப். இருப்பில் சேராது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் பலரும் குழம்புகிறார்கள்.

நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 3.67 சதவீதம்தான் உங்கள் பி.எஃப். இருப்பில் சேரும். ஓய்வூதியத்துக்கான கணக்கு 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான், 2014 செப்டம்பர் முதல் இந்த வரம்பு. எனவே ஓய்வூதியப் பங்கு மாதம் 1,250 ரூபாயைத் தாண்டாது.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பாஸ்புக்கில் 1,800, 550, 1,250 என்று மூன்று எண்கள் நிற்கும். முதலாவது உங்களுடையது, அடுத்த இரண்டும் நிறுவனம் போட்டவை. "நான் 1,800 போட்டால் கம்பெனி 550தான் போடுகிறதா?" என்று என் அறைத்தோழன் கொதித்தான். 550ஐயும் 1,250ஐயும் கூட்டிக் காட்டிய பிறகுதான் அமைதியானான். என் அடிப்படைச் சம்பளம் அப்போது 14,000. அதற்கு 1,680, 514, 1,166 என்று வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளம் 25,000 ஆக இருந்தும் 1,800 ரூபாய்தான் பிடிக்கிறார்கள் என்றால் பதற வேண்டாம். 15,000 என்ற வரம்பை வைத்துக் கணக்கிடும் நிறுவனங்கள் நிறைய உள்ளன, விதி அதற்கு இடம் தருகிறது. பிடித்த தொகையும் கணக்கில் சேர்ந்த தொகையும் ஒன்றா என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டாம் படி: யு.ஏ.என். எண்ணைச் செயல்படுத்துங்கள்

சம்பளச் சீட்டிலேயே பெரும்பாலும் இந்த எண் இருக்கும். இல்லாவிட்டால் மனிதவளப் பிரிவில் கேளுங்கள், அதைத் தருவது அவர்கள் கடமை. மத்திய அரசின் உமங் செயலியைப் பதிவிறக்கி, அதில் இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப். நடத்தும் அரசு அமைப்பு) பகுதிக்குள் போய், ஆதார் வழியாக எண்ணைச் செயல்படுத்தலாம். வேலை மாறினாலும் இந்த எண் மாறாது. புதிய நிறுவனம் இன்னொரு எண் உருவாக்க முயன்றால் பழைய எண்ணைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். இரண்டு எண்கள் இருந்தால் பின்னால் பணம் எடுக்கும்போது படும் பாடு சொல்லி மாளாது.

மூன்றாம் படி: பாஸ்புக்கைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள்

உமங் செயலியில் பாஸ்புக் பார்க்கும் இடத்தைத் தொட்டு, யு.ஏ.என். எண்ணைக் கொடுத்தால் கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும். அதை இட்டதும் நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் உறுப்பினர் எண் தெரியும். இப்போதைய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைப் பதிவிறக்குங்கள்.

ஒவ்வொரு வரியிலும் எந்த மாதச் சம்பளம், எந்தத் தேதியில் வரவு, பிறகு மூன்று தொகைகள் இருக்கும். மார்ச் மாதச் சம்பளத்துக்கான பணத்தை ஏப்ரல் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். அந்த வரியில் 'ட்யூ மந்த்' என்ற இடத்தில் ஏப்ரல் என்று இருந்தால் அது பிழையல்ல, கட்ட வேண்டிய மாதத்தைத்தான் அது குறிக்கிறது.

இப்போது சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நான் ஒரு பழைய நோட்டில் மாதத்துக்கு ஒரு வரி போட்டு, சீட்டில் பிடித்தது, பாஸ்புக்கில் வந்தது என்று இரண்டு கட்டங்களில் எழுதினேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வலப்பக்கக் கட்டங்கள் வெறுமையாக நின்றன. திரையில் பார்த்தபோது உறைக்காதது, தாளில் ஏழு வெற்றுக் கட்டங்களாக நின்றபோது உறைத்தது.

கடைசி மாதத்து வரி மட்டும் இல்லை என்றால் சில நாட்கள் பொறுங்கள், பதிவு ஏறத் தாமதம் ஆகலாம். இரண்டு மாதம் தொடர்ந்து இல்லையென்றால் கேட்டே ஆக வேண்டும். சில பெரிய நிறுவனங்கள் சொந்த அறக்கட்டளை வழியாகவே பி.எஃப். நடத்துகின்றன. அங்கே வேலை செய்பவர்கள் அந்த அறக்கட்டளையின் கணக்கு அறிக்கையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இணைய வசதி இல்லாதவர்கள் பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகச் சேர்ந்த தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். கட்டணம் கிடையாது. ஊரில் இருக்கும் என் சித்தப்பா மில்லில் வேலை செய்கிறார், அவருக்கு இந்த ஒரு வழியே போதுமானதாக இருக்கிறது.

நான்காம் படி: நிறுவனம் பணம் கட்டியதா என்று பாருங்கள்

இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' என்று ஒரு பகுதி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையோ குறியீட்டு எண்ணையோ இட்டுத் தேடினால், எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்ற விவரம் வரும். கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. நான் தேடியபோது அந்த ஏழு மாதங்களுமே பட்டியலில் இல்லை. அப்படியானால் இது என் ஒருவனின் கணக்கில் நேர்ந்த தவறு அல்ல, நாற்பது பேரின் பணம். எனக்குத் துணிவு வந்தது அந்த நிமிடத்தில்தான்.

வேலையில் சேருவதற்கு முன்பே ஒரு நிறுவனத்தை இப்படிப் பார்த்துவிடலாம். நேர்காணலில் நூறு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பட்டியலில் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கட்டியிருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்தில் கேளுங்கள்

வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் பதில் வரும். மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு தொகை என்று எழுதி, எந்தத் தேதிக்குள் சேரும் என்று கேளுங்கள். கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். நாங்கள் ஏழு பேர் ஒரே நாளில் தனித்தனியாக அனுப்பினோம். வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஏழு பேர் என்பதால்தான் அதைத் தாங்க முடிந்தது.

ஆறாம் படி: புகார் பதிவு செய்யுங்கள்

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்க்கும் தளமான 'இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ்.' தளத்துக்குப் போங்கள். பி.எஃப். உறுப்பினர் என்பதைத் தேர்ந்தெடுத்து, யு.ஏ.என். எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கொடுத்து, சம்பளச் சீட்டுகளையும் பாஸ்புக்கையும் இணையுங்கள். இதுதான் நான் எழுதியது, அங்கே எளிய ஆங்கிலத்தில் இட்டேன்:

"ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான ஏழு மாதங்களில் என் சம்பளத்திலிருந்து மாதம் 1,680 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்காகப் பிடிக்கப்பட்டுள்ளது. அந்தத் தொகையும் நிறுவனத்தின் பங்கும் என் கணக்கில் சேரவில்லை. சம்பளச் சீட்டுகளும் பாஸ்புக்கும் இணைக்கப்பட்டுள்ளன. நிலுவையை வசூலித்துக் கணக்கில் சேர்க்க வேண்டுகிறேன்."

பதிவு எண் வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் தாமதமானால் அதே எண்ணில் நினைவூட்டல் அனுப்பலாம். நேரில் பேச விரும்பினால் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற முகாம் நடக்கிறது, காகிதங்களோடு அங்கே போகலாம்.

தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. தாமதத்துக்கு நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் தண்டத் தொகையும் கட்ட நேரிடும். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் குரலில் நடுக்கம் இருக்காது. எங்கள் புகாருக்குப் பிறகு மூன்று வாரத்தில் நான்கு மாதத் தொகை சேர்ந்தது. மீதி மூன்று மாதம் வந்துசேர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

இந்த வேலைகள் எதற்கும் தரகர் தேவையில்லை. ஒருமுறைக் கடவுச்சொல்லை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாலும்கூட.

வேலையை விட்டுப் போகிறீர்கள் என்றால் கடைசி வாரத்தில் பாஸ்புக்கையும் எல்லாச் சம்பளச் சீட்டுகளையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல் மூடிய பிறகு அவற்றைக் கேட்டு அலைய வேண்டியிருக்கும். விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்ததா என்றும் பாருங்கள். செய்யவில்லையென்றால், விலகி இரண்டு மாதம் கழித்து இ.பி.எஃப்.ஓ.வின் உறுப்பினர் தளத்தில் நீங்களே அதைப் பதிவு செய்யலாம்.