தென் இத்தாலியில் நான்கு நாள்: தங்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர், நவம்பரில் இத்தாலியின் தென்கிழக்கிலுள்ள பூலியா பக்கம் போகிறவர்களின் திட்டங்களை வாங்கிப் பார்த்தால், பார்க்கப் போகும் ஊர்களில் குறை சொல்ல எதுவும் இருக்காது. அல்பெரோபெல்லோ, பொலிஞானோ, மத்தேரா, லெச்சே என்று எல்லாம் சரியாகவே இருக்கும். இரவு தங்கும் ஊரில்தான் கோட்டை விடுகிறார்கள். அதுவும் கார் இல்லாமல் ரயிலை நம்பிப் போகிறவர்கள் ஆண்டுதோறும் அதே தவறைச் செய்கிறார்கள். குடை எடுத்துப் போங்கள், விடுதியை முன்கூட்டியே பதியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

வரைபடத்தின் நடுவில் இருக்கும் ஊரைப் பிடிப்பது

பணமும் நாளும் அதிகம் கரைவது இங்கேதான். பத்து நிமிடம் கால அட்டவணை பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதால் எரிச்சலும் அதிகம்.

வரைபடத்தில் அல்பெரோபெல்லோ எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பதுபோலத் தெரியும். கடற்கரையில் உள்ள மொனோபோலி அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர்தான். கூம்புக் கூரை வைத்த த்ருல்லி வீட்டிலேயே தங்கலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ள, மூன்று இரவுக்குப் பதிந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் ரயில் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. கடலோரப் பாதையில் (பாரி, பொலிஞானோ, மொனோபோலி, ஒஸ்தூனி, பிரிந்திசி, லெச்சே) ஓடுவது ட்ரெனித்தாலியா. அல்பெரோபெல்லோ, லொகொரொத்தோந்தோ, மார்தினா பிராங்கா வழியாக உள்நாட்டில் போவது பெர்ரோவியே தெல் சூத் எஸ்த். மத்தேராவுக்குப் போவது பெர்ரோவியே அப்புலோ லுகானே என்னும் குறுகிய பாதை ரயில். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. அல்பெரோபெல்லோவிலிருந்து மொனோபோலிக்கு ரயிலில் போக வேண்டுமானால் பாரி வரை பின்னால் வந்து, அங்கே மாறி, மறுபடி தெற்கே இறங்க வேண்டும். 20 கிலோமீட்டர் தூரத்துக்கு அரை நாள் போய்விடும். நேரடிப் பேருந்துகள் சில உண்டு. அவற்றில் பல பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுபவை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நிலைமை இன்னும் மோசம். உள்நாட்டுப் பாதைகள் இரண்டிலும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் ரயில்கள் நின்றுபோய் ஒருசில பேருந்துகள் மட்டும் ஓடுவது நெடுநாளாக இருந்துவந்த வழக்கம். மத்தேரா பாதையில் இப்போது ஞாயிறும் ரயில் இருக்கலாம், தேதி போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை அல்பெரோபெல்லோவில் இறங்கும் குடும்பத்துக்குச் சனிக்கிழமை ஊரைப் பார்ப்பதிலேயே முடிந்துவிடும். ஞாயிறு காலை கடற்கரைக்குக் கிளம்பினால் ஸ்டேஷனில் ஆள் அரவமே இல்லாமல் போகலாம். போக ஒரு டாக்சி, வர ஒரு டாக்சி. இல்லையென்றால் முந்தின நாள் பார்த்த தெருக்களையே மறுபடி சுற்ற வேண்டியதுதான். நவம்பர் 1 புனிதர் அனைவர் நாள், இத்தாலி முழுக்க அரசு விடுமுறை. அது எந்தக் கிழமையில் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைதான்.

பதியும் முன் இப்படிச் சரிபாருங்கள். போகும் தேதியையே போட்டு அட்டவணையைத் திறங்கள், பொதுவாக "தினமும் இத்தனை ரயில்" என்று படித்ததை நம்ப வேண்டாம். அட்டவணையில் 'ஃபெரியாலே' என்றிருந்தால் திங்கள் முதல் சனி வரை. சனியும் அதில் சேர்த்தி. 'ஃபெஸ்தீவோ' என்றால் ஞாயிறும் விடுமுறையும். அடுத்து, திரும்பி வரும் கடைசி வண்டியைப் பாருங்கள். அதற்கு முந்தைய வண்டியில் திரும்புவதாகத் திட்டமிடுங்கள். ரயில் எண்ணுக்குப் பக்கத்தில் பேருந்துப் படமோ 'பஸ்' என்ற சொல்லோ இருந்தால் அது மாற்றுப் பேருந்து. தண்டவாள வேலை நடக்கும் மாதங்களில் இது சகஜம். நடைமேடையில் காத்திருந்தால் அது கிடைக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே, சில ஊர்களில் ஒரு தெரு தள்ளி, நிற்கும்.

ஆகவே கார் இல்லாதவர்களுக்கு எங்கள் பதில் இரண்டே ஊர்: பாரி, மொனோபோலி. மூன்று நிறுவனங்களின் ரயில்களும் பாரியில் பக்கத்துப் பக்கத்தில் கிளம்புகின்றன. மத்தேரா ரயிலுக்கு மட்டும் பாரி சென்ட்ராலே எதிரிலுள்ள அல்தோ மோரோ சதுக்கத்தில் தனிக் கட்டடம். அந்த ரயில்களில் சில அல்தமூராவில் இரண்டாகப் பிரியும் என்பதால் எந்தப் பெட்டி மத்தேரா போகிறது என்று கேட்டு ஏறுங்கள். பெருநகர இரைச்சல் வேண்டாதவர்களுக்கு மொனோபோலி. பாரியிலிருந்து ரயிலில் அரை மணி, முக்கால் மணி. பொலிஞானோ அடுத்த ஸ்டேஷன், லெச்சேவுக்கு அதே பாதையில் நேராகப் போகலாம். இரண்டில் எதில் தங்கினாலும் அல்பெரோபெல்லோவையும் மத்தேராவையும் வார நாட்களில் முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையைக் கடலோரப் பாதைக்கு ஒதுக்குங்கள்.

ஸ்டேஷன் பெயரை நம்புவது

ஒஸ்தூனி ஸ்டேஷன் கீழே சமவெளியில், வெள்ளை நகரம் மேலே குன்றில். நடுவில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஏற்றம்.

இருட்டும் நேரத்தை மறப்பது

அக்டோபர் நடுவில் பாரியில் ஆறு மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அதன் பிறகு ஐந்து மணிக்குள் மறைந்துவிடும், நவம்பர் நடுவில் நாலரைக்கே. மதியம் ஒன்றிலிருந்து நாலு, நாலரை வரை கடைகளும் பல தேவாலயங்களும் மூடியிருக்கும். உணவகங்களில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் கிடைப்பது அரிது. ஆக, தங்கும் ஊரில் இருட்டிய பிறகு மூன்று மணி நேரமாவது நடமாட வேண்டியிருக்கும். பாரியும் லெச்சேவும் பல்கலைக்கழக ஊர்கள், மாலையில் தெருவில் ஆட்கள் இருப்பார்கள். கோடைக்கால வியாபாரத்தையே நம்பியிருக்கும் கடற்கரை ஊர்களில் நவம்பரில் கதவுகள் வரிசையாகச் சாத்திக் கிடக்கும்.

குகை வீட்டின் குளிரை யோசிக்காதது

மத்தேராவில் சாஸ்ஸி என்னும் பழைய குகைக் குடியிருப்பின் அறைகளும் த்ருல்லி வீடுகளும் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்கள் கொண்டவை. மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே தங்கும், துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. கட்டடங்களின் வெப்பமூட்டியை எந்தத் தேதியிலிருந்து போடலாம் என்பதற்கு இத்தாலியில் மண்டலவாரியாகச் சட்டம் இருக்கிறது. பாரி, லெச்சே, நேப்பிள்ஸ் அடங்கிய மண்டலத்தில் வழக்கமாக நவம்பர் 15 முதல், மத்தேராவில் நவம்பர் 1 முதல். அதற்கு முன்னால் போகிறவர்கள், அறையின் ஏசி சூடான காற்றும் தருமா என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பின் பதியுங்கள். சாஸ்ஸிக்குள் அறை எடுத்தால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். மழையில் வழுக்கும் கல்படியில் டிராலிப் பெட்டியைச் சுமந்துதான் இறங்க வேண்டும்.

கார் எடுத்தும் பழைய நகருக்குள் அறை பதிவது

கார் இருந்தால் மேலே சொன்னது தலைகீழாகும். லொகொரொத்தோந்தோ, சிஸ்தெர்னினோ போன்ற உள்நாட்டு ஊர்கள் அப்போது அருமையான மையம். ஆனால் பழைய நகரங்களின் நுழைவில் கேமரா வைத்த தடைப் பகுதிகள் உண்டு. உங்கள் வண்டி எண்ணை விடுதி முன்பே பதிந்து கொடுக்குமா என்று கேட்காமல் உள்ளே நுழைந்தால், அபராதம் சில மாதம் கழித்து வீட்டுக்கு வரும். வாடகை நிறுவனத்தின் கட்டணமும் அதோடு சேரும். மதிலுக்கு வெளியே, நிறுத்துமிடம் உள்ள அறையே நல்லது. இந்திய உரிமம் வைத்திருப்பவர்களுக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

தினம் ஓர் ஊரில் தூங்குவது

நான்கு இரவுக்கு ஒரே ஊர் போதும், கடைசி இரவு மட்டும் விதிவிலக்காகலாம்.

கடைசி இரவைத் தூரத்தில் வைப்பது

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும், வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். வார நாள் என்றால் ட்ரெனித்தாலியாவின் வட்டார ரயில்களுக்குக் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உத்தரவாதச் சேவை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்த உத்தரவாதம் இல்லை. விமானம் பாரியிலிருந்து என்றால் கடைசி இரவு பாரியிலேயே தங்குங்கள். சாதாரண நாளில் நகர மையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய 20 நிமிடம். ரயில் ஓடாத நாளில்கூட டாக்சிக்குச் சிறு தூரம்தான்.