வெறுந்தகட்டை ராத்திரி தனியாக விடாதீர்கள்: பழைய காருக்குத் துரு எடுப்பதும் பிரைமர் அடிப்பதும்

பானெட்டைச் சுரண்டி முடித்தபோது மாலை ஆறு மணி. தகடு வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. ஆசையாக உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமரை நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். ஐப்பசி மாதம், ராத்திரி லேசான தூறல். காலையில் வந்து பார்த்தால் பானெட்டின் நடுவே என் ஐந்து விரலும் செம்பழுப்பாகப் பதிந்திருந்தன. கைரேகை ஜோசியர் யாராவது வந்திருந்தால் அதைப் பார்த்தே பலன் சொல்லியிருப்பார்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரும்பு, ஈரம், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் கூட இருந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

அது அப்பா ஓட்டிய 1987 மாடல் பிரீமியர் பத்மினி. இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பத்மினியோ அம்பாசடரோ, முதல்முறையாகக் கைவைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். லாரிக்கு இருப்பதுபோல இந்த வண்டிகளுக்கு சேசிஸ் என்கிற தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும்தான் எலும்புக்கூடு. அங்கே துரு ஏறினால் அழகு மட்டும் போகாது, வண்டியின் பலமே போய்விடும்.

எப்போது ஆரம்பிப்பது?

நம் ஊரில் வேலையைவிடக் காலம் பார்ப்பதுதான் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் மழை குறைவுதான், ஆனால் காற்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்தக் காற்றில் திறந்த வெளியில் பிரைமர் அடித்தால் பாதி மண்தான் ஒட்டும். தென்காசிப் பக்கம் அதே மாதங்களில் சாரல் வேறு. உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருப்பதால், அங்கே எந்த மாதமானாலும் தகட்டை முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டுத்தான் மற்றது எல்லாம்.

என் கணக்கு மாசியிலிருந்து சித்திரை வரை, காலை எட்டிலிருந்து பத்தரை மணி வரை. உச்சி வெயிலில் தகடு தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். பிரைமரை நீர்க்கவைக்கும் தின்னர் காற்றிலேயே காய்ந்து, பிரைமர் தூளாகப் போய் விழும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கக் கூடாது என்பது பொதுவான விதி. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக் கொட்டகையில் மாட்டிவிடுங்கள்.

பழைய பெயின்டை எடுப்பது

ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டி முழுக்க ஓட்டிப் பாருங்கள். எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ, அங்கே தகட்டுக்கு மேல் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி கனமாக இருக்கிறது, அல்லது தகடே இல்லை. என் வண்டியின் பின் மட்கார்டில் அரை விரல் கனத்துக்குப் பட்டி இருந்தது. எப்போதோ ஒரு பட்டறையில் துருவை எடுக்காமல் அதன்மேலேயே பட்டி வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். உள்ளே தகடு அப்பளமாக நொறுங்கியது.

கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்தால் சீக்கிரம் பளபளக்கும். அதை நம்பாதீர்கள். வயர் பிரஷ் துருவை மெருகேற்றிவிட்டுப் போய்விடும், குழிக்குள் கறுப்புப் புள்ளி அப்படியே இருக்கும். அதற்குமேல் 80 நம்பர் உப்புத்தாளைப் போட்டுக் கீறல் விழத் தேய்க்க வேண்டும். பிரைமர் பிடித்துக்கொள்ள அந்தக் கீறல் தேவை. மணல் அடித்து எடுப்பது அச்சு, சஸ்பென்ஷன் மாதிரித் தடித்த சாமான்களுக்குச் சரி. பானெட், கதவு மாதிரி அகலமான மெல்லிய தகட்டில் அடித்தால் நெளிந்துபோகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

குழிக்குள் நிற்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கடையில் கிடைக்கும். துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். நல்ல சாமான்தான், ஆனால் வேலை முடிந்ததும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஹாட் ஏர் கன் வைத்து உடனே உலர்த்திவிட வேண்டும். அமிலம் மிச்சம் இருந்தால் அடுத்து அடிக்கப்போகும் ஈபாக்ஸி பிரைமர் சரியாக இறுகாது.

துடைப்பது

மண்ணெண்ணெயில் துடைத்து வைத்தால் துரு பிடிக்காது என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், துரு பிடிக்காது. பிரைமரும் பிடிக்காது! எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் பெயின்ட் விலகி, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விழும். எண்ணெய்ப் பசை எடுக்கும் சால்வென்ட்டை ஒரு துணியில் நனைத்துத் துடையுங்கள். அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் அழுக்கு கரைந்து, நகர்ந்து, திரும்ப அங்கேயே படிந்துவிடும். இதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தகட்டைத் தொடக் கூடாது. என் கதைதான் மேலே இருக்கிறதே.

பிரைமர்

ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடையே காருக்கும் அடிக்கலாமே என்று கேட்பார்கள். விலை குறைவுதான். அதன்மேல் பின்னால் காட்டமான தின்னர் கலந்த பெயின்ட் விழும்போது அடியில் இருப்பது இளகி, சுருட்டிக்கொண்டு வரும். இரண்டு டப்பாவாக வரும் ஈபாக்ஸி பிரைமரை வாங்குங்கள். வெறுந்தகட்டை இறுகப் பிடித்து, ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதில் அதற்கு ஈடு இல்லை.

பிரைமரும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் எந்த விகிதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் போட்டபடி அளந்து ஊற்றுங்கள், கண் திட்டம் இங்கே ஆகாது. ஹார்டனர் குறைந்தால் ஈபாக்ஸி கடைசிவரை பிசுபிசுவென்றே இருக்கும். கலந்த பிறகு சில பிரைமர்களை 15 முதல் 30 நிமிடம் சும்மா வைக்கச் சொல்லியிருப்பார்கள், வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் கலந்த பிரைமர் டப்பாவில் எழுதிய நேரத்துக்கு முன்பே கெட்டியாகிவிடும். அதனால் ஒரு கதவுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

ஸ்பிரே கன்னில் 1.4 முதல் 1.6 மில்லிமீட்டர் நாசில். கம்ப்ரசர் டேங்கின் அடியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே ஆரம்பியுங்கள். முதல் கோட் லேசாக, சொன்ன இடைவெளி விட்டு இரண்டாவது கோட் முழுசாக. ஓரங்கள், மடிப்புகள், வெல்டிங் ஓடிய இடங்களில் முதலில் பிரஷ்ஷால் பூசிவிட்டு அப்புறம் ஸ்பிரே. துணி மாஸ்க் போதாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் வேண்டும். ஹார்டனர் தோலில் பட்டால் அலர்ஜி வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனக்குக் கன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெயின்டர் அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, சாயங்காலத்துக்குள்ள எவ்வளவு தகட்ட மூட முடியுமோ, காலைல அவ்வளவு மட்டும் தொறங்க." முழு வண்டியையும் ஒரே நாளில் சுரண்டிப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கதவு, ஒரு மட்கார்டு.

பட்டி எப்போது?

வழக்கமாகத் தகட்டில் நேரே பட்டி வைத்து, வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அதன்மேல்தான் பிரைமர் அடிக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் தகட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மழைக்குக் கொப்புளம். நான் ஈபாக்ஸிக்கு மேலே பட்டி வைத்து, உலர்வாகத் தேய்த்து, அதன்மேல் மறுபடி ஒரு கோட் ஈபாக்ஸி அடிக்கிறேன். முதல் கோட் காய்ந்து நாள் பல ஆகிவிட்டால் லேசாக உப்புத்தாள் போட்டுவிட்டுப் பட்டி வையுங்கள். ஈபாக்ஸி வெயிலில் வெளுத்து மாவாக உதிரும் என்பதால் மேல் பெயின்ட் அடிக்கும்வரை வண்டியைக் கொட்டகைக்குள்ளேயே வைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

இரண்டு தகடு சேரும் இடுக்கில் ஈபாக்ஸி காய்ந்த பிறகு, இடுக்கை அடைக்கும் பசையான சீம் சீலர் பூசுங்கள். கதவுக்கு உள்ளேயும் பெட்டிச் சட்டத்துக்குள்ளேயும் துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ் அடிக்க வேண்டும். இதைப் பெயின்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் செய்யுங்கள். பழைய மெக்கானிக்குகள் கழிவு ஆயிலை ஊற்றுவார்கள். துருவைத் தள்ளிப்போடும் என்பது சரிதான். ஆனால் அது ஒழுகி ரப்பரைக் கெடுக்கும், பிறகு அந்த இடத்தில் எந்தப் பெயின்டும் நிற்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் பெட்டிச் சட்டத்துக்குள் வண்டல் கட்டாயம் இருக்கும். பிரைமர் டப்பாவைத் திறக்கும் முன்பே அதைக் கழுவி வெளியேற்றிக் காயவைத்துவிடுங்கள். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். பிரைமரும் சீலரும் அவற்றை அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்து, கதவுக்குள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றியது அத்தனையும் கீழே வந்தாக வேண்டும்.